பல் விளக்காத திங்கட்கிழமை

"பல்லைப் பிடுங்க மாட்டேன்மா. அழுக்கை மட்டும்தான் எடுப்பேன். ஆ காட்டு" என்றார் டாக்டர் ஸ்வர்ணலதா.

எட்டு வயது ஜெனிட்டா வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"மெஷினப் பாத்து பயப்படுறா டாக்டர்" என்றார் அப்பா அந்தோணிசாமி. "இதுக்காகவே கடலூர்லேருந்து சிதம்பரம் வந்திருக்கோம். தொற பாப்பா!"

"பயம் இல்லப்பா." வாயைக் கையால் பொத்தியபடியே சொன்னாள். "நேத்து கோயில்ல முதல் தடவையா புதுநன்மை அப்பம் வாங்கினேன்ல? அந்த அப்பத்துல ஏசுசாமி இருக்காருன்னு ஃபாதர் சொன்னாரு. கடவாப் பல்லுல ஒட்டிக்கிச்சு. துப்பிடக் கூடாதுன்னு காலையில பல்லுகூட வெளக்கல."



ஸ்வர்ணலதா செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு வந்தார். "எதையும் தொட மாட்டேன். பாக்க மட்டும் செய்றேன்."

ஜெனிட்டா மெல்ல வாயைத் திறந்தாள்.

"அவரு நேத்தே நெஞ்சுக்குள்ள போயிட்டாரு கண்ணு. இங்க ஒட்டியிருக்கறது நீ அப்புறமா தின்ன கேக்கு."