ஏற்கப்படாத பாடம்

சமுதாயக் கல்லூரியில் படித்த பாடங்களைப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றுவதற்காக, நினைவுகளைத் திருத்தும் கருவியைத் தலையில் பொருத்திக்கொண்டு ஜெபராணி நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

"மத்த பாடங்களோட கிரெடிட் எல்லாம் ஏத்துக்கிட்டாங்கம்மா. சைகை மொழியை மட்டும் ஏத்துக்கல," என்றார் அலுவலர். "ஏத்துக்காத பாடத்தை நினைவுலேருந்து எடுத்துடுவோம். அதான் விதி."

அவள் சட்டென நிமிர்ந்தாள். "என் மகளுக்குக் காது கேட்காது சார். அவகூடப் பேசத்தான் அதைப் படிச்சேன். எனக்கு இந்த மாற்றமே வேண்டாம், விட்டுடுங்க."

"ஆரம்பிச்சாச்சும்மா."

எல்லாம் முடிந்து அவள் வெளியே வந்ததும், பெஞ்சில் காத்திருந்த மகள் இன்பா ஓடிவந்து, கைகளை வேகமாக அசைத்து ஏதோ கேட்டாள். ஜெபராணிக்கு ஒன்றும் புரியவில்லை. பயத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

இன்பா சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்தபடி, அதே சைகையை மறுபடியும் மெதுவாகச் செய்தாள்.