குழலுக்குள் சண்டை

நாட்டுத் துப்பாக்கியின் குழலுக்குள் ஈயக்குண்டு லொடலொடவென்று ஆடியது.

"நீ தொளதொளன்னு இருக்கே, அதான் நான் கோணலாப் போறேன்" என்றது குண்டு.

"நோஞ்சான் நீ, பழி எனக்கா?" என்று கத்தியது குழல்.

வேட்டைக்காரன் சுட்டான். குண்டு எங்கோ போய்ப் புற்றில் புதைந்தது. எதிரே மேய்ந்த மான் ஜோடி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. தினமும் கேட்கிற சண்டைதானே!

மறுநாள் அவன் கிழிந்த வேட்டித்துணியில் எண்ணெய் தடவி, இன்னொரு குண்டை அதில் சுற்றி, குழலுக்குள் இறுக்கி இறக்கினான். குண்டு அசையவில்லை. இரண்டுக்கும் பேச ஒன்றுமில்லை.

பெண்மான் துள்ளி ஓடியது.

"ஏன்டி ஓடுறே? அவங்க இன்னும் சண்டையே ஆரம்பிக்கலையே!" என்றது ஆண்மான்.

"அதனாலதான்யா ஓடுறேன்!"