அடுத்த வீட்டு வாத்தியார்

"அக்கா, உங்க சிந்தசைசர் சத்தம் செவுரைத் தாண்டிக் காதைக் கிழிக்குது!" என்றபடி வந்தார் அடுத்த வீட்டுத் தையல்காரர்.

"இப்பத்தானே கத்துக்கறேன் தம்பி! நேத்து நீங்க காட்டின குமிழ் எதுன்னு மறந்துட்டேன்."

அவர் அந்த மின்னிசைப் பெட்டியின் ஃபில்டர் குமிழை இடப்பக்கம் திருப்பினார். கீச்சிட்ட ஒலி மெத்தென்று அடங்கியது.

"இதுகூடவா ஞாபகம் நிக்காது?"

"என் மண்டை அப்படி! உட்காருங்க, டீ போடறேன்."

டீ குடித்து, ஊர்வம்பெல்லாம் பேசிவிட்டு அவர் கிளம்பினார். வீடு மறுபடி ஊமையானது.

போன் அடித்தது. பாட்டு ஒலிப்பதிவு செய்யும் ஸ்டுடியோக்காரர்.

"மேடம், சிந்தசைசர்ல ஒலி செதுக்க உங்களை விட்டா யாரு இருக்கா? நாளைக்குச் சாயங்காலம் வர்றீங்களா?"

"காலையில வரேன்ப்பா. சாயங்காலம் எனக்கு அடுத்த வீட்டு வாத்தியார்கிட்ட சிந்தசைசர் கிளாஸ் இருக்கு."