மெஷினிடம் சொன்னது

"இப்பல்லாம் எவன்டா மனுசனோட மனுசன் பேசுறான்? எல்லாத்துக்கும் மெஷின விட்டுடுறானுவ!"

அடித்துக்கொண்டிருந்த போனைப் பார்த்துத்தான் இராஜாங்கம் இரைந்தார். ஊரடங்கு நாளில் இரைவதற்கு அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை. மனைவி வேம்பு போய்ச் சேர்ந்து வருசமாகிறது. மகன் அன்பரசன் சிங்கப்பூரில்.

கொரோனா வந்த நாளாக யாருக்குப் போன் போட்டாலும் முதலில் ஒரு இருமல், அப்புறம் கையைக் கழுவு, மூக்கை மூடு என்று ஒரு பெண்குரலின் உபதேசம். போதாக்குறைக்கு இப்போது தினம் காலையில் அதுவே கூப்பிட்டும் பேச ஆரம்பித்துவிட்டது என்பது இராஜாங்கத்தின் முடிவு. ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

"வணக்கம். சுகாதாரத் துறை தொலைபேசி மருத்துவ உதவியிலிருந்து பேசுகிறோம். இன்று மாத்திரை சாப்பிட்டீர்களா? கால் வீக்கம், மூச்சுத் திணறல் ஏதேனும் இருக்கிறதா?"

"நேத்தும் இதே பாட்டு. இன்னைக்கும் இதே பாட்டு. ஒரு எழுத்து மாறுதா பாரு."

இந்தப் போன் வர ஆரம்பித்த முதல் நாள் திட்டிவிட்டு வைத்தார். மறுநாளும் அப்படியே. ஆனால் உளுந்து பறிக்க ஆள் வராமல், பேச ஒரு முகம் இல்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு நாள் வைக்காமல் திட்டிக்கொண்டே போனார். அதுவும் வைக்கவில்லை. என்ன திட்டினாலும் கோபித்துக்கொள்ளவில்லை, குறுக்கே பேசவுமில்லை. அன்றிலிருந்து அதுதான் அவருக்குப் பேச்சுத் துணை.

இன்றைக்கு அதற்கு மேல் திட்ட அவருக்குத் தெம்பில்லை. சுவரில் சாய்ந்துகொண்டார்.

"இந்தா பாரு மெஷினு, ஒன்ட்ட சொல்றதுக்கு என்ன, நீ போயி ஊருல சொல்லவா போற? மாத்திரை தீந்துபோச்சு. நீர் மாத்திரையும் இல்ல, நெஞ்சு மாத்திரையும் இல்ல. பஸ்சு ஓடல, டவுனுக்கு எப்புடிப் போறது? காலு ரெண்டும் பூசணிக்கா மாரி கெடக்கு. படுத்தா மூச்சு முட்டுது. இப்புடியே குந்திக்கிட்டுத் தூங்குறேன்."

காலை மெல்ல நீட்டிவைத்துக்கொண்டார்.

"மவன்ட்ட சொல்லல. அங்க அவனையே ரூம்ப விட்டு வெளிய வராதன்னு பூட்டி வச்சிருக்கானுவ. 'நல்லாருக்கியாப்பா?'ன்னான். கல்லு மாரி இருக்கேன்டான்னேன். பக்கத்து வூட்டு முபாரக்கு, 'அண்ணே, ஏதும் வாங்கியாரவா?'ன்னு வேலிக்கு அந்தாண்ட நின்னு கேட்டாரு. எனக்கென்ன கேடுன்னு அனுப்பிட்டேன். கேட்டா செய்யிற மனுசன்தான். எனக்குக் கேக்க வாய் வரல."

எங்கோ ஒரு குக்கர் விசிலடித்தது. இராஜாங்கம் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார். அவர் வீட்டில் ஏது குக்கர்? போனுக்குள்ளிருந்துதான் வந்தது.

"பாத்தியா! குக்கரு சத்தத்தையும் சேத்துல்ல பதிஞ்சு வச்சிருக்கானுவ, வெளங்காத பயலுவ!"

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார். "செத்துப்போறதுக்கு எனக்குப் பயமில்ல. இப்பப் போனா தூக்க நாலு பேரு வரமாட்டானுவ. அதான் யோசனையா இருக்கு."

சிவப்புப் பட்டனை அமுக்கினார்.

பொழுது சாய்வதற்குள் வாசலில் வண்டிச் சத்தம். சுகாதார நிலையத்துத் துரைராசு, முகத்தில் மாஸ்க்கும் கையில் பையுமாக இறங்கினான்.

"பெரியவரே, மாத்திரை இந்தாங்க. கொஞ்சம் இப்புடி உக்காருங்க, டாக்டரு வீடியோவுல ஒங்களப் பாக்கணுமாம்."

அவன் நீட்டிய போனுக்குள் ஒரு சின்ன வயசு டாக்டர். கணுக்காலை விரலால் அமுக்கிக் காட்டச் சொன்னார். அமுக்கின இடம் குழி விழுந்து அப்படியே நின்றது. நீர் மாத்திரையை இரண்டு வேளையாக்கி, ஊறுகாய் பக்கமே போகக் கூடாது என்றார்.

"தொடாமப் பாக்குற வைத்தியம்! நல்லாத்தான் இருக்கு," என்றார் இராஜாங்கம். அப்புறம் துரைராசுவை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்டா, எனக்கு மாத்திரை தீந்தது ஒனக்கு யாரு சொன்னா?"

"ஆபீஸ்லேருந்து தகவல் வந்துச்சு."

"நான் ஒருத்தர்ட்டயும் சொல்லலையேடா."

"சொல்லாம எப்புடிங்க வரும்?" வண்டியை உதைத்துக்கொண்டு அவன் போய்விட்டான்.

இராஜாங்கத்துக்கு அது முள்ளாகக் குத்தியது. நாலைந்து நாளில் கால் வற்றியது, படுத்துத் தூங்க முடிந்தது. குத்தல் மட்டும் போகவில்லை. அத்தனை நாளும் போன் வந்தது. எடுத்தார், "ம்" என்றார், வைத்தார்.

பிறகு ஒரு காலை, வயலுக்குக் கிளம்பி மோட்டார் கொட்டகைப் பக்கம் வந்தபோது போன் அடித்தது. கேள்விகள் எல்லாம் முடியட்டும் என்று நின்றார்.

"உள்ளதச் சொல்லணும். நீ மெஷினுதானே? வேம்பு போனதுலேருந்து மனசுல கெடந்ததையெல்லாம் ஒன்ட்ட கொட்டிட்டேன். இன்னொரு மனுசங் காதுக்கு அது போயிருந்தா இனிமே நான் வாயத் தொறக்க மாட்டேன், ஆமா."

போனுக்குள் மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஏதோ கேட்டது. காற்றாகவும் இருக்கலாம்.

"எத நம்புறது இந்தக் காலத்துல!"

வைக்கக்கூட மனமில்லாமல் போனைக் கொட்டகைச் சுவர்மேல் அப்படியே கிடத்திவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தார். முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கர் கரகரத்தது. அவர் திரும்பவில்லை.

"மெஷின்தாங்கய்யா... நீங்க நாளைக்கும் பேசுங்க."