வீட்டுக்காரர் பெயர்

"வீட்டுக்காரர் பேரு சொல்லுங்கக்கா" என்று கோபி மூன்றாவது முறையாகக் கேட்டான்.

திரௌபதி கடைக்கு வெளியே தெரிந்த மலையைப் பார்த்தாளே தவிர, வாயைத் திறக்கவில்லை.

செங்கம் சாலையில் கோபியின் செல்போன் கடை. சிம் வேண்டுமென்றால் போட்டோ, அத்தாட்சி, ஒரு படிவம். போட்டோவைக் கொடுத்துவிட்டாள். மகளிர் குழுவுக்காகத் தொடங்கிய பேங்க் புத்தகத்தையும் கொடுத்துவிட்டாள். எல்லாக் கட்டமும் நிரம்பியாயிற்று. 'தந்தை / கணவர் பெயர்' என்ற அந்த ஒரு கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது.

"கல்யாணம் ஆனவங்களுக்கு வீட்டுக்காரர் பேருதான் எழுதணும்" என்று தாலிக்கயிற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டான் அவன்.

அவளுக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரம்மாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. மீனம்பாக்கத்தில் விமானம் இறங்கியதும் வாங்கிய சிம்முக்கு மலைக்குப் பின்புறம் டவர் கிடைக்கவில்லையாம். பாஸ்போர்ட்டை நீட்டினார். புருஷன் பெயரைக் கடைக்கே கேட்கும்படி சொன்னார். புது சிம்மோடு சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தப் புருஷனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

திரௌபதியின் ஊர்ப் பக்கத்தில் அப்படிச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு கம்மி. அண்ணாமலை என்ற பெயருள்ளவனுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்கள், அதே பெயர் ஒட்டியிருக்கும் இந்த ஊரின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். பஸ்ஸில் ஏறி "கோயிலாண்ட ஒரு டிக்கெட்டு" என்பார்கள். கண்டக்டர்களும் மறுபேச்சு பேசாமல் கிழித்துக் கொடுப்பார்கள்.

கோபிக்கும் இது பழகிய சங்கதிதான். "மலை பேரா, சாமி பேரா? ஜாடையாச் சொல்லுங்க, நான் கண்டுபிடிச்சிடறேன்" என்றான். ரீசார்ஜ் செய்ய வந்து நின்ற இரண்டு பேர் உடனே பெயர்களை ஏலம் விட ஆரம்பித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற நேரமா அது?

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. பெங்களூரில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிற அவளுடைய மகராசன், தன் தம்பியிடம் சொல்லியனுப்பியிருந்தான். அங்கே குழந்தை பிறந்திருக்கிறது. தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இல்லை. ஞாயிறு வருகிறேன், தென்றலைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தித் தயாராக வை.

மகள் தென்றல் எட்டாவது படிக்கிறாள். கணக்கில் வகுப்புக்கே முதல்.

முடியாது என்று சொல்ல, தன் ஊரான கீழ்பென்னாத்தூரில் இருக்கிற ஒரு ரூபாய் போன் எல்லாவற்றிலும் திரௌபதி காசு போட்டுப் பார்த்துவிட்டாள். 04175 என்று தொடங்கும் ஊர் நம்பரைக் கண்டதுமே அவன் கட் செய்தான். இரண்டு வருஷமாக அப்படித்தான். கொழுந்தனிடம் சொல்லியனுப்பினாலோ, 'முடியாது' என்பது பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் 'சரி' என்று ஆகிவிடும்.

செல் நம்பர் என்றால் யாரோ என்று எடுப்பான். குழுத் தலைவி சந்திரம்மாள் சொன்ன யோசனை. தன்னுடைய பழைய செல்லையும் கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

காலையில் பஸ் ஏறியதிலிருந்து திரௌபதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எதையோ முணுமுணுத்தபடியே வந்தாள். பக்கத்து சீட்டுக்காரி, மலையைக் கும்பிடுகிறாள் என்று நினைத்துத் தானும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சரிக்கா, வெக்கமா இருந்தா கடைசியா எழுதிக்கலாம்" என்று கோபி சிம்மைச் செல்லில் போட்டுக் கொடுத்தான். படிவம் பின்னால் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்த காலம். "ஒரு போன் போட்டுப் பாருங்க, லைன் வந்துடுச்சானு."

அவள் சுருக்குப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தாள். ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள்.

மூன்றாவது மணியில் எடுத்தான். "ஹலோ, யாருங்க?"

அவளிடம் அவன் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

திரௌபதி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"வேடியப்பா!"

ஏலம் விட்டவர்கள் வாயை மூடினார்கள். கோபியின் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது.

"நான் திரௌபதி. நல்லாக் கேட்டுக்க வேடியப்பா. எம் பொண்ணு அங்க வரமாட்டா. ஞாயித்துக்கிழமை நீ வந்தியானா, வாசப்படியில நான்தான் நிப்பேன்."

பஸ்ஸில் பழகியது வீண் போகவில்லை. பதினாலு வருஷமாக நாக்குக்கு அடியில் கிடந்த பெயர், இரண்டு தடவையும் திக்காமல் வந்தது. மலை அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

இந்தத் தடவை அவனுக்குக் கட் செய்யத் தோன்றவில்லை.

"கட் பண்றதுக்கு எத அமுக்கணும்?" என்று அவள் கோபியிடம் கேட்டாள்.

அவன் சிவப்புப் பொத்தானைக் காட்டினான். அவள் அழுத்தினாள்.

கடையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கோபி படிவத்தின் மேல் குனிந்து, காலியாக இருந்த கட்டத்தில் 'வே' என்று எழுதினான்.

திரௌபதி அதன்மேல் விரலை வைத்தாள்.

"அத அடிச்சிடுங்க தம்பி. எங்கப்பா பேரு ராமதாஸ்."