நடக்கிற வீடுகள்

"யார் நடக்கிறாங்களோ அவங்க குடுக்கட்டும்" என்றார் ஆடிட்டர்.

கார் நிறுத்தும் தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த குடியிருப்புக் கூட்டம் அவர் பக்கம் திரும்பியது.

அதுவரை ஆளாளுக்குத் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நடைபாதை போடவேண்டும், செலவு யாருடையது? வீடுகளைக் கட்டி விற்ற கம்பெனியின் மேனேஜர், கேட்டோடு தன் வேலை முடிந்தது என்று கையை விரித்தார். நகராட்சி எஞ்சினியரோ கறாராக இருந்தார். பாதியைக் குடியிருப்பு ஏற்றால் மீதி நகராட்சியுடையது. இன்றைக்குள் சொல்லாவிட்டால் அந்தப் பணம் வேறு தெருவுக்குப் போய்விடும்.

"கார் வச்சிருக்கிறவன் எதுக்குய்யா நடைபாதைக்கு அழணும்?" ஆடிட்டர் விடுவதாக இல்லை. "நடக்கிற வீடெல்லாம் கை தூக்குங்க. அந்த வீடுங்க பங்கு போட்டுக்கட்டும். உங்க வீட்டையே எடுத்துக்குங்களேன் செக்ரட்டரி, யார் நடக்கிறா?"

செக்ரட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கை தூக்குங்க, எழுதிக்கிறேன்" என்றார்.

முன்வரிசையில் இருந்த அவர் மனைவி கணுக்காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஒரு கையும் எழவில்லை. நடப்பவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் கையைத் தூக்குவது, வீட்டில் கார் இல்லை என்று நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்வது. அவரவர் செருப்பை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்க எல்லாருக்கும் சக்கரம்தாம்ப்பா, கால் யாருக்கும் கிடையாது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை.

கணவர் ஆபீஸ் கிளம்பிய கையோடு அவளும் கிளம்பிவிடுவாள். கேட்டைத் தாண்டி, லாரிகள் உரசிக்கொண்டு போகும் அந்த மண் ஓரத்திலேயே நடந்து, பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் மகள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு. சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டு போன மகள். அந்தப் பெயர் இனி என் காதில் விழக்கூடாது என்று அவர் சொன்ன நாளிலிருந்து, விழுந்ததில்லை.

போன வாரம் ஒரு லாரி, ஒதுங்க இடம் இல்லாமல் அவளைப் பள்ளத்தில் இறக்கிவிட்டது. கணுக்கால் வீக்கத்துக்கு வீட்டில் குளியலறையைக் காரணம் காட்டினாள்.

மகளிடம் அந்தக் கதை செல்லவில்லை. "இனிமே நீ வராதம்மா. நானே பாப்பாவைத் தூக்கிட்டு கேட் வரைக்கும் வர்றேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அதே ஓரம். அதே லாரிகள். இடுப்பில் பிள்ளை.

நடைபாதை வரட்டும், அதுவரை பொறுடி என்று கெஞ்சிக் கூத்தாடிவிட்டு வந்திருந்தாள்.

எஞ்சினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"அப்போ யாருக்கும் வேணாம்னு எழுதிடுங்க" என்றார் ஆடிட்டர்.

செக்ரட்டரி பேனாவைத் தாளில் வைத்தார்.

அவள் கையைத் தூக்கினாள்.

வளையல்கள் சரிந்து முழங்கையில் வந்து நின்றன. அந்தச் சத்தம் தளம் முழுக்கக் கேட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

"என்னக்கா, உங்க வீட்ல ரெண்டு கார் நிக்குதே" என்று ஆடிட்டர் இளித்தார். "உங்களுக்கு எதுக்கு நடை? சுகரா?"

ஆமாம் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். சொன்னால், கேட்டுக்குள்ளேயே சுற்றுங்கள் என்பார்கள். அவள் கையை இறக்கவில்லை.

செக்ரட்டரி நிமிரவே இல்லை. குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். ஒரு வீட்டு எண்ணை எழுத இவ்வளவு நேரமா? வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தியதும் முதல் கேள்வி எதுவாக இருக்கும் என்று அவள் மனசு அதற்குள் பதில் தேடத் தொடங்கியிருந்தது.

தூணோரத்தில் ஒரு கை மெல்ல எழுந்தது. செக்ரட்டரி வீடே நடக்கிறது என்றால் அப்புறம் யாருக்கு என்ன கூச்சம்? பின்வரிசையில் இரண்டு. அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக. சக்கரம் என்று கேலி பேசிய குரல்காரரும் தூக்கினார்.

எஞ்சினியர் ஜிப்பைத் திறந்து வரைபடத்தை வெளியே எடுத்தார்.

"வழக்கமான அகலமே போட்டுடலாம்ல சார்?"

"பத்தாது" என்றார் செக்ரட்டரி, தாளைப் பார்த்தபடியே. "குழந்தையை வண்டியில வச்சுத் தள்ளிட்டு வரணும். கூட நடக்கிற ஆளுக்கும் இடம் வேணும்."

அவள் கை இன்னும் மேலேயே இருந்தது.

பேத்தி பிறந்ததை அவள் அவரிடம் சொன்னதே இல்லை.