ஒத்திகை நோயாளி

பிற்பகல் வெயில், புதிதாக வெள்ளையடித்த வார்டில் ஆள் படுக்காத முப்பது கட்டில்களின் மேல் சாய்ந்து கிடக்கிறது. அரசு மருத்துவமனையில் இன்று பெருந்தொற்று ஒத்திகை. நோயாளியாக நடிப்பவர் ஆம்புலன்ஸ் டிரைவர். வாசலிலிருந்து ஸ்ட்ரெச்சரில் தள்ளிவந்த அவரை முதல் கட்டிலுக்கு மாற்றியதும், தலைமை நர்ஸ் சுவரிலுள்ள ஆக்சிஜன் குழாயைத் திறக்கிறாள். குழாயோடு மாட்டிய குப்பிக்குள் தண்ணீர் குமிழியிடுகிறது. காதோர முடி சிக்காமல் நாடாவை ஒதுக்கி, முகமூடியைப் பொருத்துகிறாள். "சிஸ்டர், மூச்சு நல்லாத்தான் வருது. பசிதான் உயிர வாங்குது," என்கிறார் டிரைவர். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். "வாசல்லேர்ந்து ஆக்சிஜன் வரைக்கும் நாலே நிமிஷம். நல்லா பண்ணீங்கம்மா." போன தொற்றின்போது அவள் கணவர் இதே வாசலில், ஒரு ஆட்டோவுக்குள், காலையிலிருந்து பொழுது சாயும்வரை காத்திருந்தார். அவள் உள்ளேதான் வேலையில் இருந்தாள். ஒரு கட்டில் காலியானபோது அவர் உயிரோடு இல்லை. இப்போது டாக்டர் கையுறையைக் கழற்றுகிறார். மற்றவர்கள் கலையத் தொடங்குகிறார்கள். அவள் மட்டும் நகரவில்லை. "சார், இன்னொரு தடவ பண்ணிப் பாக்கலாமா?" "எதுக்கும்மா? எல்லாம் சரியாத்தானே வந்துச்சு?" "ஆமா சார். சரியாத்தான் வந்துச்சு." டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கிறார். பிறகு கையுறையை மறுபடி மாட்டிக்கொள்கிறார். டிரைவரும் எழுந்து ஸ்ட்ரெச்சரில் படுக்கிறார். சக்கரங்கள் கிறீச்சிட்டபடி வாசலை நோக்கிப் போகின்றன. கட்டிலின் விரிப்பை நீவி விட்டுவிட்டு, அவள் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.